நைரோபியில் வீடும் வாடகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கென்யாவின் தலைநகரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தவை பெரும்பாலும் மூன்று: சிங்கம் உலவும் தேசியப் பூங்கா, போக்குவரத்து நெரிசல், கிபேரா சேரி. மூன்றும் உண்மைதான். ஆனால் ஊர் எப்படி வளர்கிறது, மக்கள் எங்கே எப்படிக் குடியிருக்கிறார்கள் என்பதில் தவறான எண்ணங்கள் நிறைய. நைரோபி வாடகைக் குடித்தனக்காரர்களின் நகரம். பத்துக் குடும்பங்களில் ஏறக்குறைய ஒன்பது வாடகையில்தான் இருக்கின்றன. இதை மறந்துவிட்டுப் போடும் கணக்கும் திட்டமும் தப்பாகவே முடிகின்றன.

நைரோபியின் மக்கள்தொகை கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே போகிறதா?

ஏறுகிறது, ஆனால் ஏறும் வேகம் குறைந்துவருகிறது. கணக்கெடுப்புகளைப் பாருங்கள்: 1969-ல் 5,09,286, 1979-ல் 8,27,775, 1989-ல் 13,24,570, 1999-ல் 21,43,254, 2009-ல் 31,38,369, 2019-ல் 43,97,073. எழுபதுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதமாக இருந்த வளர்ச்சி, கடைசிப் பத்தாண்டில் 3.4 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

அதற்காக, வளர்ச்சி அடங்கிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அது எல்லை தாண்டிப் போயிருக்கிறது. அதே பத்தாண்டில் வடக்கே கியாம்பு மாவட்டம் 16.2 லட்சத்திலிருந்து 24.2 லட்சமாகவும், தெற்கே கஜியாடோ 6.9 லட்சத்திலிருந்து 11.2 லட்சமாகவும் ஆயின. எட்டு வழித் திக்கா நெடுஞ்சாலை 2012-ல் திறந்த பிறகு அதன் ஓரத்திலிருந்த ருயிரு நகரம் 2.4 லட்சத்திலிருந்து 4.9 லட்சமாகப் பெருத்தது. அங்கே குடியிருந்து நைரோபிக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். ஆனால் தண்ணீரும் சாக்கடையும் குப்பையும் அந்தந்த மாவட்ட அரசின் பொறுப்பு. நைரோபி நகர எல்லையை மட்டும் வைத்துப் போடும் திட்டம் பாதி ஊருக்குத்தான் பொருந்தும்.

இவர்கள் எல்லாரும் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்தானே? கிராமத்தை முன்னேற்றினால் திரும்பிவிட மாட்டார்களா?

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கிராமத்துக்குத் திரும்புவார்கள்? இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். 1899-ல் ரயில்வே முகாமாகத் தொடங்கிய ஊர் இது. காலனி அரசு ஆப்பிரிக்கர்களை வேலைக்கு வந்துபோகும் தற்காலிக ஆட்களாகவே நடத்தியது. ஆண்கள் கழுத்தில் கிபாண்டே என்ற அடையாளச் சீட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிய வேண்டியிருந்தது. குடும்பத்தோடு வாழ வீடு கட்டித்தர வேண்டிய அவசியம் இல்லையென்று அன்று எடுத்த முடிவின் விளைவுதான் இன்றைய பத்துக்குப் பத்து அறை. சொந்த ஊரில் நிலமும் வீடும் வைத்திருப்பதும், மாதாமாதம் பணம் அனுப்புவதும் வழக்கம்தான். அந்தப் பணமே நைரோபிச் சம்பளத்திலிருந்துதான் போகிறது.

கிபேராவில் பத்து லட்சம் பேர் வாழ்கிறார்களாமே, ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய சேரியா அது?

2009 கணக்கெடுப்பில் கிபேராவில் எண்ணப்பட்டவர்கள் 1,70,070 பேர். அரசு குறைத்து எண்ணியிருக்கலாம் என்று சந்தேகித்துத் தனியே கணக்கெடுத்தவர்களுக்கும் மூன்று லட்சத்துக்குள்தான் வந்தது.

கணக்கெடுப்பே வேண்டாம், பரப்பளவை வைத்துப் பார்த்தாலே போதும். கிபேரா சுமார் 2.5 சதுர கிலோமீட்டர். அதற்குள் பத்து லட்சம் பேர் என்றால், சந்து, ரயில் பாதை, ஓடை, பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2.5 சதுர மீட்டர். ஒரு கட்டில் போடும் இடம். வீடுகளோ பெரும்பாலும் ஒற்றைத் தளத் தகரக் கொட்டகைகள். அடுக்கி வைக்க மாடி இல்லாத இடத்தில் இது நடக்காத காரியம். 1.7 லட்சம் என்று கொண்டாலும் சதுர கிலோமீட்டருக்கு 68,000 பேர். அதுவே மூச்சுமுட்டும் நெரிசல். மேலும் ஊதிப் பெருக்கத் தேவையில்லை.

எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. பத்து லட்சம் பேருக்குக் கழிப்பறை கட்டுவது மலைப்பான வேலை. எந்த அரசும் கையை விரித்துவிடலாம். 60,000 குடும்பங்களுக்கு என்றால் ஒரு நகர அரசு சில ஆண்டுகளில் முடிக்கக்கூடிய வேலை. அதோடு, உதவியும் கவனமும் கிபேராவின் பெயரிலேயே குவிந்துவிட, முகுரு, மதாரே, கொரோகோச்சோ போன்ற மற்றச் சேரிகள் நெடுநாள் கண்ணில் படாமலே கிடந்தன.

சேரிவாசிகள் புறம்போக்கை வளைத்து இலவசமாகத்தானே குடியிருக்கிறார்கள்?

பத்தில் ஒன்பது சேரிக் குடும்பங்கள் வாடகை கொடுக்கின்றன. நிலம் அரசுடையதாகவோ வேறு யாருடையதாகவோ இருக்கும். கொட்டகையைப் போட்டவர் தனி ஆள். அவருக்குப் பட்டா கிடையாது. உள்ளூர் அதிகாரியின் வாய்மொழி அனுமதிதான் அவர் கையில் இருக்கும் ஆதாரம். பெரும்பாலான கொட்டகைக்காரர்கள் அங்கே குடியிருப்பதும் இல்லை.

அறை பத்தடிக்குப் பத்தடி. மரக்கம்பம் நட்டு, மண் சுவரோ மபாத்தியோ அடைத்து, மேலே மபாத்தி போட்டிருப்பார்கள். மபாத்தி என்பது நெளித்தகடு. பகலில் கொதிக்கும்; ஜூலைக் குளிரில் விடியற்காலை உள்பக்கம் வியர்த்துப் படுக்கையில் சொட்டும். கொட்டகைக்குச் செலவு குறைவு என்பதால் போட்ட காசு சீக்கிரமே கைக்குத் திரும்பிவிடும். எப்போது இடிப்பார்களோ தெரியாது என்பதால் உரிமையாளர் மேற்கொண்டு ஒரு ஷில்லிங்கும் செலவழிப்பதில்லை. வீடு மோசமாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வாடகைக்கு மேல் தண்ணீர்ச் செலவு. 20 லிட்டர் கேன் சாதாரண நாளில் 5 ஷில்லிங். 50 கேன் சேர்ந்தால் ஒரு கன மீட்டர், ஆக 250 ஷில்லிங். வீட்டுக்குள் குழாய் இணைப்பு உள்ளவர் அதே ஒரு கன மீட்டருக்குக் கொடுப்பது அதில் ஒரு சிறு பங்கு. திக்கா அணையில் மட்டம் இறங்கித் தட்டுப்பாடு வந்தால் கேன் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். பொதுக் கழிப்பறைக்குத் தடவைக்கு 5 முதல் 10 ஷில்லிங். நான்கு பேர் குடும்பம், ஆளுக்கு ஒரு தடவை, தடவைக்கு 5 ஷில்லிங் என்றாலே மாதம் 600. இரவில் வெளியே போகப் பயந்து வாளியில் போய்விட்டு விடியும்வரை வைத்திருக்கும் பெண்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

காசு கொடுத்து வாங்கும் தண்ணீரும் சுத்தமாக இருப்பதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் கொத்துக் கொத்தாகச் சாக்கடைக்குள்ளேயே ஓடுகின்றன. தண்ணீர் விடும்போது குழாயில் அழுத்தம் இருக்கும், அதனால் ஓட்டை வழியே தண்ணீர் வெளியே கசியும். விநியோகம் நின்றதும் குழாய் காலியாகி உள்ளே உறிஞ்சும். அதே ஓட்டை வழியே சாக்கடை உள்ளே போகும். மறுபடி தண்ணீர் வரும்போது முதலில் நிரம்பும் கேன்களில் அதுதான் இருக்கிறது. குழாய் வந்த முதல் சில நிமிடத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. பிடித்த பிறகும் காய்ச்ச வேண்டும், அல்லது குளோரின் கலக்க வேண்டும்.

சேரியைத் தாண்டினால் நடுத்தர வர்க்கத்து வீடுகள்தானே?

இல்லை. நைரோபியில் வேகமாகப் பெருகும் வீடு எதுவென்றால் கல் கட்டிட ஒண்டுக்குடித்தனம். கிழக்கே எம்பகாசி பக்கம் பைப்லைன், கயோலே, உமோஜா, வடக்கே ஹுருமா, சிம்மர்மேன் என்று ஆறு, ஏழு, எட்டுத் தளங்கள், லிப்ட் கிடையாது. நடுவில் நடை, இரண்டு பக்கமும் ஒற்றை அறைகள், தளத்தின் கோடியில் பொதுக் கழிப்பறை. எதிர்க் கட்டிடம் கை எட்டும் தூரத்தில் நிற்பதால் கீழ்த்தளங்களில் நண்பகலிலும் விளக்கு வேண்டும்.

ஐம்பதுக்கு நூறடி மனையில் தளத்துக்கு 20 அறை என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். எட்டுத் தளத்தில் 160 அறை. நைரோபியில் ஒரு குடும்பத்துக்குச் சராசரி 2.9 பேர், ஆக 460 பேர். ஆளுக்கு 50 லிட்டர் என்றால் நாளைக்கு 23,000 லிட்டர் தண்ணீர். மொட்டை மாடியில் இருப்பதோ ஒன்றிரண்டு கறுப்புத் தொட்டிகள். தெருவில் புதைத்த கழிவுநீர்க் குழாயும் மனைக்கு ஓரிரு குடும்பம் என்ற கணக்கில் போட்டது. மழை பெய்தால் தெருவில் ஆறாக ஓடும் கறுப்புத் தண்ணீருக்கு இந்தக் கணக்குதான் காரணம். ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது என்பவர்கள் ஒருமுறை இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டிடங்களை ஒழிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து அல்ல. எழுபதுகளின் நடுவில் உலக வங்கிக் கடனில் டண்டோராவில் 6,000 மனைகள் பிரித்து, ஒவ்வொன்றிலும் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் வைத்துக் கொடுத்தார்கள். மீதி வீட்டை மக்கள் தாங்களே கட்டிக்கொள்ளலாம். அந்த மனைகளிலும் இன்று அடுக்கு அறைகள் எழுந்து நிற்கின்றன. குறைந்த சம்பளக்காரருக்குத் தேவையான அளவில் வீடு கட்டித் தந்தது இந்தத் தனியார் வாடகைச் சந்தை ஒன்றுதான். படிக்கட்டு அகலம், காற்றுக்கு இடைவெளி, கம்பி, காங்கிரீட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருந்தால் இதே கட்டிடங்களில் நன்றாகவே வாழலாம்.

கட்டிடங்கள் ஏன் இடிந்து விழுகின்றன?

2016 ஏப்ரல் 29 இரவு, கனமழையில், ஹுருமாவில் ஆற்றோரமாக நின்ற அடுக்குக் கட்டிடம் சரிந்து ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். குடியேறத் தகுதிச் சான்றிதழ் இல்லாத, இடிக்கச் சொல்லி முன்பே குறிக்கப்பட்ட கட்டிடம் அது. மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் இவை.

முதலாவது, மண். நகரின் மேற்கிலும் வடக்கிலும் செம்மண். கிழக்கே எம்பகாசிப் பக்கம் கரிசல். கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். அதை முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டு, கெட்டித் தரை வந்த பிறகே அஸ்திவாரம் போட வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து மேலோட்டமாகப் போட்டால், கட்டிடத்தின் ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கும்.

இரண்டாவது, மேலே மேலே ஏற்றுவது. மூன்று தளத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு, வாடகை வர வர நான்கு, ஐந்து, ஆறு என்று ஏற்றுவார்கள். அடியில் நிற்கும் தூண் அப்படியேதான் இருக்கும்.

மூன்றாவது, காங்கிரீட். கலவை எளிதாக ஓட வேண்டுமென்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் வலிமை பாதியாகிவிடும். மணலைக் கழுவாமல் போட்டால் அதிலிருக்கும் களிமண் சிமெண்டைக் கல்லோடு ஒட்டவிடாது. தளம் போட்டு ஏழு நாளாவது நனைத்து வைக்க வேண்டும். தண்ணீர் விலைக்கு வாங்கும் ஊரில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். முட்டுக் கம்புகளை அவசரமாக எடுத்து அடுத்த தளத்துக்குக் கொண்டு போவது இன்னொரு கேடு. முழு வலிமைக்கு 28 நாள் ஆகும். வாரத்துக்கு ஒரு தளம் என்று ஏறும் கட்டிடத்தில், கீழ்த்தளம் இறுகும் முன்பே மூன்று தளப் பாரம் அதன் மேல் வந்துவிடுகிறது.

வாடகைக்குப் போகும்முன் ஒருவர் கட்டிடத்தில் எதைப் பார்க்கலாம்?

பொறியாளர் இல்லாமலே சிலவற்றைக் கண்ணால் காணலாம். முதலில் கீழ்த்தளத் தூண்களைப் பாருங்கள்: ஆறு ஏழு தளம் தாங்கும் தூண் ஒரு சாணுக்குள் அடங்கினால் அங்கே குடிபோக வேண்டாம். காங்கிரீட்டில் தேன்கூடு போல ஓட்டையும் அதற்குள் துருப்பிடித்த கம்பியும் தெரிந்தாலும் அப்படியே. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு அஸ்திவாரம் இறங்குவதைக் காட்டும். பூச்சில் மட்டும் வலைவலையாக இருக்கும் மெல்லிய கீறலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. நேற்றுவரை சரியாக மூடிய கதவு திடீரென்று இறுகினால் உடனே காவலரிடமும் பக்கத்து அறைக்காரர்களிடமும் சொல்லுங்கள். வெளிச்சுவரில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி இருந்தால் அதிகாரிகள் அதை ஆபத்தானது என்று குறித்திருக்கிறார்கள். அதன்மேல் புதிதாக வெள்ளையடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளச் சேதத்துக்கு ஆற்றோரத்தில் கட்டியவர்கள்தானே பொறுப்பு?

2024 ஏப்ரல், மே மழையில் மதாரே ஆறு பெருகியபோது அடித்துச் செல்லப்பட்டவை பெரும்பாலும் ஏழைகளின் வீடுகள். அதன்பின் ஆற்றிலிருந்து 30 மீட்டருக்குள் இருந்தவற்றை அரசு இடித்தது. இதில் சட்டமே ஒரே குரலில் பேசவில்லை: கரையோர ஒதுக்கம் ஒரு விதியில் 2 மீட்டர், நீர்வள விதிகளில் 6 முதல் 30 மீட்டர்வரை. எங்கிருந்து அளப்பது என்பதும் தகராறுதான். கரையை ஆக்கிரமித்தவர்களில் பெரிய கடைத்தொகுதிகளும் சுவர் வைத்த பங்களாக்களும் உண்டு. மதாரேயில் அளவு நாடா நீட்டியவுடன் இடிப்பு இயந்திரம் வந்தது. வாடகைக்கு இருந்தவர்களுக்கு அட்வான்ஸும் போனது, சாமானும் போனது.

அரசே வீடு கட்டிக் கொடுத்தால் பிரச்சினை தீராதா?

கட்ட வேண்டும், ஆனால் யாருக்கு, எந்த விலைக்கு என்பதில்தான் இதுவரை தவறியது. 2009-ல் கிபேராவின் ஒரு பகுதியைக் காலிசெய்து, லாங்காட்டாவில் கட்டிய 600 வீடுகளுக்குக் குடும்பங்களைத் தற்காலிகமாக மாற்றினார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில் எழுந்த 822 வீடுகள் கைக்கு வந்தது 2016-ல். ஏழு ஆண்டு. இடையில் சிலர் வீட்டை உள்வாடகைக்கு விட்டுச் சேரிக்கே திரும்பினார்கள். இதை நன்றிகெட்டதனம் என்று எழுதியவர்கள் உண்டு. மாடி வீட்டுக்குப் போனால் மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், பேருந்துச் செலவு எல்லாம் கூடும். வாசலில் வைத்து மண்டாசி என்ற எண்ணெய்ப் பலகாரமும் வறுத்த மீனும் விற்ற வியாபாரமோ நின்றுபோகும். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வரும் காசில் பிள்ளைகள் படிப்பார்கள் என்றால் எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள்.

இப்போது நடப்பது வேறு திட்டம். சம்பளத்தில் தொழிலாளியிடம் 1.5, முதலாளியிடம் 1.5 சதவீதம் என்று வீடு கட்டுவதற்காக ஒரு வரி. 2023-ல் வந்தது, அதே நவம்பரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, 2024 மார்ச்சில் தனிச் சட்டமாகத் திரும்ப வந்தது. வீடுகள் எழும்புவது நல்ல விஷயம்தான். ஆனால் முன்பணம் கட்டி, மாதத்தவணையில் சொந்தமாக்கும் ஏற்பாடு அது. நாள்கூலிக்காரருக்கு வேண்டியது, வேலை போன மாதத்திலும் பறிபோகாத, கட்டுப்படியான வாடகை வீடு. அது இத்திட்டத்தில் ஓரமாகவே இருக்கிறது.

வங்கிக்கடன் வாங்கி எல்லாரும் வீடு வாங்க முடியாதா?

கென்யா முழுவதற்குமே நடப்பில் உள்ள வீட்டுக்கடன்கள் 30,000-ஐச் சுற்றித்தான். சராசரிக் கடன் சுமார் 90 லட்சம் ஷில்லிங். 13 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்தால் மாதத்தவணை 1,05,000 ஷில்லிங். நைரோபியில் சாதாரணத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2024 நவம்பரில் உயர்த்திய பிறகும் மாதம் 16,100 சொச்சம். மற்றவர்கள் சாக்கோ எனப்படும் கூட்டுறவுச் சங்கத்தில் சேமித்து, மனை வாங்கி, கல் வாங்கிப் போட்டு, ஆண்டுக்கு ஓர் அறையாகக் கட்டிக்கொள்கிறார்கள்.

அப்படி மனை வாங்குகிறவர் எதில் ஏமாறுகிறார்?

ஒரே மனையை இருவருக்கும் மூவருக்கும் விற்பதில். நிலம் வாங்கிப் பிரிக்கும் சங்கங்கள் கொடுக்கும் பங்குச் சான்றிதழைப் பட்டா என்று நம்பிவிடுகிறார்கள். அது சங்கத்தில் பங்கு இருப்பதற்கு மட்டுமே ஆதாரம்.

பணம் கைமாறும்முன் செய்ய வேண்டியது: விற்பவரின் பட்டா எண்ணை வாங்கி, அரசின் ஆர்திசாசா என்ற நிலப்பதிவு இணையதளத்திலோ நிலப்பதிவு அலுவலகத்திலோ நீங்களே வில்லங்கம் பாருங்கள், விற்பவர் கொண்டுவந்து தரும் நகலை நம்பாதீர்கள். உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்து எல்லைக்கல் வரைபடத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் காட்டிய மனை ஒன்று, பட்டாவிலுள்ள மனை வேறொன்றாக இருப்பது சர்வசாதாரணம். விவசாய நிலமென்றால் நிலக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சம்மதம் வேண்டும். அது இல்லாத கிரயம் செல்லாது. முத்திரைத்தீர்வை நகரப் பகுதியில் 4 சதவீதம், கிராமப் பகுதியில் 2 சதவீதம். சாலைக்கும் மின்கம்பிக்கும் ஒதுக்கிய இடமா என்று விசாரிக்காமல் வாங்கியவர்கள் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டே வீடு இடிபடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே புது நகரம் கட்டினால்?

ருயிரு அருகே டாட்டு சிட்டி, தெற்கே 60 கிலோமீட்டரில் கொன்சா, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5,000 ஏக்கர். தொழிற்சாலையும் பள்ளியும் வரும், வரட்டும். நைரோபியில் பத்தில் நான்கு பேர் நடந்தே போய்வருகிறார்கள். பேருந்துக் காசு மிச்சம் என்பதற்காகவே தொழிற்பேட்டை பக்கத்தில் தகர அறை எடுத்தவருக்கு 60 கிலோமீட்டர் தள்ளிய வீடு உதவாது.

இடிக்காமல், இருக்கிற இடத்திலேயே சேரியை மேம்படுத்த முடியுமா?

முடியும் என்பதற்கு முகுருவைப் பார்க்கலாம். தொழிற்பேட்டையை ஒட்டிய முகுரு க்வா ஞ்ஜெங்கா, முகுரு க்வா ரூபன், விவாண்டானி ஆகிய மூன்றும் 650 ஏக்கருக்கு மேல், ஒரு லட்சம் குடும்பங்கள். நிலத்தில் பெரும்பகுதி எண்பது, தொண்ணூறுகளில் தொழிற்சாலைக்கென்று தனியாருக்குக் குத்தகை எழுதப்பட்டது. 2017 ஆகஸ்டில் நகர அரசு இதைச் சிறப்புத் திட்டப் பகுதியாக அறிவித்தது. முவுங்கானோ வா வனவிஜிஜி என்ற சேரிவாசிகள் கூட்டமைப்பு வீடு வீடாகக் கணக்கெடுத்தது. பத்துப் பத்து வீடாகக் குழு அமைத்து, தெரு எங்கே போக வேண்டுமென்று மக்களிடமே கேட்டார்கள்.

பெரிய சிக்கல் சாலை அகலம். நகர விதிப்படியான அகலத்தில் எல்லாத் தெருவையும் போட்டால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற வேண்டும். தீயணைப்பு வண்டி போகும் தெருக்களை மட்டும் அகலமாக வைத்து, மற்றவற்றை நடைபாதை அளவுக்குக் குறைத்தபோது இடம்பெயர்வோர் எண்ணிக்கை வெகுவாக இறங்கியது. கழிவுநீருக்கும் அப்படித்தான்: ஆழமாகத் தோண்டிப் பெரிய குழாய் புதைக்க இடமில்லாத சந்துகளில், சிறிய குழாயை ஆழமில்லாமல், போதிய சரிவோடு வீட்டோரமாகவே கொண்டுபோய், அங்கங்கே கை நுழையுமளவு திறப்பு வைத்தார்கள். அடைப்பு வந்தால் அந்தச் சந்துக்காரர்களே குத்தி எடுக்கலாம். சரிவு போதாமல் படுக்கையாகப் போட்டாலோ, குழாய்மேல் யாராவது அறை கட்டிவிட்டாலோ இது பயன்படாது. இரண்டையும் தெருக்குழுதான் கவனிக்க வேண்டும்.

சாலை, மருத்துவமனை, குழாய் என்று 2020-க்குப் பிறகு வேலைகள் வந்தன. ஆனால் நில உரிமை முடிவாகாமலே நின்றது. 2021 நவம்பரில் முகுரு க்வா ஞ்ஜெங்காவில் சாலைக்காக ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டபோது, கணக்கெடுப்பில் பெயரும் வரைபடத்தில் வீட்டு எண்ணும் இருந்த குடும்பங்கள் மழையில் கித்தான் கட்டிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தன.